ஐ.க்யூ. என்கிற நம்பர் வந்த கதை

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீடே கொஞ்சம் உம்மென்று இருந்தது. அக்கா பையன் மூணாங்கிளாஸ். கணக்கை வாயால் கேட்டால் டக்குன்னு பதில் சொல்லுவான். ஆனால் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அரை மணி நேரம் ஆக்குவான். ஸ்கூல்ல மிஸ், "எதுக்கும் ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டும் வந்தாச்சு. மூணு பக்கம். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு நம்பர். அப்படி ஒன்றும் மோசமான நம்பர்கூட இல்லை, சராசரிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

நான் உள்ளே நுழையும்போது சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர் அந்தக் காகிதத்தைக் கையில் வச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்லிக்கிட்டு இருந்தார். "இதெல்லாம் பிறப்புலயே வர்றதும்மா. ரத்தத்துல உள்ளது. இனிமே மாறாது. ரொம்பப் போட்டுப் படுத்தாத, ஏதாவது கைத்தொழில்ல விட்டுடு." அக்கா ஒன்றும் பேசவில்லை. பையன் கதவுக்குப் பின்னாடி நின்று எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவர்கிட்ட வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் வீட்டுக்கு வந்து இந்த நம்பரை யார் கண்டுபிடிச்சது, எதுக்குக் கண்டுபிடிச்சதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். கொஞ்சம் நீளமான கதை. பொறுமையா படிங்க.

கதை பாரிஸில் தொடங்குகிறது. ஆல்ஃபிரெட் பினே, 1857ல் பிறந்தவர். சட்டம் படித்தார், பிறகு உளவியல் பக்கம் வந்தார். அந்தக் காலத்தில் புத்தியை அளக்க ஒரு சுலபமான வழி இருந்தது. தலையைச் சுற்றி டேப் வைத்து அளப்பது! பெரிய தலை என்றால் பெரிய மூளை, பெரிய மூளை என்றால் பெரிய புத்தி. பினேயும் இதை நம்பி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பிள்ளைகளின் தலையை அளந்தார். நல்லா படிக்கிற பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் கிடைத்த வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்குதான். அதைவிட அவரைக் கவலைப்படுத்தியது வேறு. எந்தப் பையன் கெட்டிக்காரன் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அளக்கிற தன் கையே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று சந்தேகப்பட்டார். அதை எழுதியும் வைத்தார். ஆராய்ச்சி பண்ணுகிறவர் தன் கையையே சந்தேகப்படுவது லேசுப்பட்ட விஷயமில்லை. எனக்கு இந்த இடத்திலேயே மனுஷனைப் பிடித்துவிட்டது.

பிரான்ஸில் 1880களில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். அதுவரை பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்கு வந்தார்கள். சிலருக்குப் பாடம் ஏறவே இல்லை. அவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1904ல் அரசாங்கம் ஒரு குழு போட்டது. பினே அதில் இருந்தார். யாருக்குத் தனி உதவி தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாத்தியாரைக் கேட்டால் சேட்டை பண்ணுகிற பையன்களை எல்லாம் "இவனும் மக்குதான்" என்று சேர்த்துத் தள்ளிவிடுவார். ஆளைப் பார்த்து முடிவு பண்ணாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு சோதனை வேண்டும்.

அப்படி வந்ததுதான் 1905ல் பினேயும் தியோடர் சிமோன் என்ற டாக்டரும் சேர்ந்து செய்த 30 கேள்விகள். முதல் கேள்வி, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அசைத்தால் குழந்தையின் கண் கூடவே போகிறதா என்பது. இன்னொன்று, ஒரு துண்டு சாக்லேட்டையும் ஒரு துண்டு மரத்தையும் காட்டினால் எதைச் சாப்பிடலாம் என்று தெரிகிறதா என்பது. (இதில் நான்கூட பாஸ் பண்ணிடுவேன் :-) ) அப்புறம் எண்களைத் திருப்பிச் சொல்வது, ரெண்டு பொட்டலங்களில் எது கனம் என்று சொல்வது என்று படிப்படியாகக் கடினமாகும். 1908ல் இதைத் திருத்தி, எந்த வயசுப் பிள்ளைகள் எந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்கிறார்கள் என்று அடுக்கினார்கள். எட்டு வயசுப் பையன் ஆறு வயசுக்கான கேள்வி வரைக்கும்தான் பதில் சொல்கிறான் என்றால் ரெண்டு வருஷம் பின்தங்கியிருக்கிறான், அவனுக்கு உதவி வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஆனால் பினே ஒரு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார். இது உயரம் அளக்கிற மாதிரி புத்தியை அளக்கிற அளவுகோல் இல்லை, இன்றைக்கு இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் ஒரு வழிதான் என்றார். பிறவியிலேயே இப்படியா, பின்னால் எப்படி ஆவான் என்பதையெல்லாம் இது சொல்லாது என்றார். 1909ல் குழந்தைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், புத்தி கூடவே கூடாது என்று சொல்கிறவர்களைக் கடுமையாகச் சாடினார். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வகுத்துத் தந்தார். அதில் ஒன்று, சிலை மாதிரி அசையாமல் நிற்கிற விளையாட்டு. முதலில் கவனிக்கப் பழகட்டும், பாடம் அப்புறம் என்பது அவர் கணக்கு.

அந்தப் புத்தகத்தில் சொந்தக் கதையும் சொல்கிறார். பள்ளி இறுதிப் பரீட்சையில் அவர் தப்பாக ஒரு பதில் சொல்ல, தேர்வாளர் கோபித்துக்கொண்டு, உனக்குத் தத்துவ அறிவு ஒருநாளும் வரவே வராது என்று சொல்லிவிட்டாராம். இவ்வளவு பெரிய ஆளாகியும் அந்த "வரவே வராது" அவருக்கு மறக்கவில்லை. படிக்கும்போது கதவுக்குப் பின்னாடி நின்ற எங்க வீட்டுப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

பினே 1911ல் 54 வயசில் இறந்துபோனார். அதற்கு முன்பே டெஸ்ட் கப்பலேறிவிட்டது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்டில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி ஒன்று. அதன் ஆராய்ச்சித் தலைவர் ஹென்றி காடர்ட் 1908ல் ஐரோப்பா போனவர் இந்த டெஸ்டைப் பார்த்து, ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேள்விகளைக் கொண்டுபோனவர் பினேயின் எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். புத்தி என்பது ஒரே பொருள், அது அப்பா அம்மாகிட்ட இருந்து அப்படியே இறங்குகிறது, கடைசி வரை மாறாது என்பது காடர்ட்டின் நம்பிக்கை. நம்ம பெரியவர் சொன்ன அதே வசனம்!

மன வயது 8லிருந்து 12 வரை உள்ள பெரியவர்களுக்கு 1910ல் காடர்ட் ஒரு பெயர் வைத்தார். மோரான். முட்டாள்தனம் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து எடுத்தது. அதற்குக் கீழே இம்பசைல், அதற்கும் கீழே இடியட். இன்றைக்கு ரோட்டில் சண்டை போடும்போது வாயில் வருகிற இந்த வார்த்தைகள் எல்லாம் அன்றைக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் இருந்தவை.

1913ல் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்கு காடர்ட் தன் உதவியாளர்களை அனுப்பினார். ஐரோப்பாவில் இருந்து கப்பலில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிற ஏழைகளை உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் டெஸ்ட். மூணு நிமிஷத்தில் 60 வார்த்தை சொல்லு, இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஞாபகத்தில் வரை என்று. வாழ்நாளில் பென்சில் பிடிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். பிரசுரமான முடிவு என்ன தெரியுமா? யூதர்களில் 83%, ஹங்கேரியர்களில் 80%, இத்தாலியர்களில் 79% புத்தி குறைந்தவர்கள். ஒவ்வொரு இனத்திலும் சோதித்தது சில டஜன் பேரைத்தான், அதுவும் பொறுக்கி எடுத்த ஆட்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஃபெயில் என்றால் கேள்வித்தாளில்தானே கோளாறு என்று யோசிக்க வேண்டாமா?

நடுவில் அந்தப் பிரபலமான நம்பர் பிறந்த விஷயத்தையும் சொல்லிடறேன். 1912ல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை நிஜ வயதால் வகுக்கலாம் என்றார். 1916ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் டெஸ்டை விரிவாக்கி, வந்த விடையை 100ஆல் பெருக்கினார். இதுதான் ஐ.க்யூ. நம்ம பாடப்புத்தகங்களில் 'நுண்ணறிவு ஈவு' என்று மனப்பாடம் பண்ண வைத்தார்களே, அதேதான். எட்டு வயசுப் பையனின் மன வயது ஆறு என்றால் 75. "ரெண்டு வருஷம் பின்தங்கியிருக்கான்"னு சொன்னால் "சரி, எப்படிப் பிடிக்கலாம்?"னு கேட்கத் தோணும். "75"ன்னு சொன்னால் மார்க் மாதிரி ஆயிடுது. கேட்க ஒண்ணுமில்லை.

பிறகு முதல் உலகப்போர். 1917லிருந்து ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் ராணுவ வீரர்களுக்குக் கூட்டமாக உட்காரவைத்து டெஸ்ட். கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பல்பசையா, உணவுப் பொருளா என்றெல்லாம் கேள்வி. (அது அங்கே விற்ற சமையல் கொழுப்பு.) நேற்று வந்து இறங்கியவனுக்கு எப்படித் தெரியும்? முடிவில், வெள்ளைக்கார வீரர்களின் சராசரி மன வயதே 13தான் என்று வந்தது. வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922ல் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு நாட்டின் சராசரி மனிதன் சராசரி மனிதனைவிடப் புத்தி குறைந்தவன் என்று எப்படிய்யா சொல்ல முடியும் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். நியாயமான கேள்வி. ஆனால் யாரும் நிறுத்தவில்லை.

இப்போது கேரி பக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துட்டு வந்தேன்.

கேரி, 1906ல் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் ஊரில் பிறந்தவள். அம்மா எம்மா, பரம ஏழை. கேரியைச் சின்ன வயசிலேயே வேறு ஒரு வீட்டில் வளர்க்க விட்டார்கள். ஸ்கூலில் சுமாராக நன்றாகவே படித்தாள். ஆனால் ஆறாம் வகுப்போடு நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 17 வயசில் அந்த வீட்டுச் சொந்தக்காரப் பையன் ஒருவன் அவளைக் கெடுத்துவிட்டான். கர்ப்பம். வீட்டு மானம் போய்விடும் என்று, இவள் மூளை வளர்ச்சி இல்லாதவள் என்று சொல்லி லிஞ்ச்பர்க் அருகில் அரசாங்கம் நடத்திய காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா எம்மா ஏற்கெனவே அங்கேதான் அடைபட்டிருந்தாள்.

அதே 1924ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டிருந்தது. பரம்பரையாகப் புத்தி குறைந்தவர்கள் என்று முடிவானால், அவர்கள் சம்மதிக்காவிட்டாலும் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம். சட்டம் கோர்ட்டில் நிற்குமா என்று பார்க்க ஒரு கேஸ் வேண்டியிருந்தது. கேரி மாட்டினாள். பினே டெஸ்டின் அமெரிக்க வடிவத்தை அம்மாவுக்கும் மகளுக்கும் வைத்தார்கள். கேரியின் மன வயது 9, அம்மாவுக்கு 8கூட நிரம்பவில்லை என்று வந்தது. ஸ்கூல் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரச் செய்த டெஸ்ட், வளர்ந்த பெண்ணின் கர்ப்பப்பைக்குத் தீர்ப்பு எழுதப் போய் நின்றது.

பரம்பரை என்று நிரூபிக்க மூணாவது தலைமுறை வேண்டுமே? கேரிக்குப் பிறந்த விவியன் அப்போது கைக்குழந்தை, ஏழு மாசம். ஒரு சமூக சேவகி பார்த்துவிட்டு, குழந்தையின் பார்வையில் ஏதோ சரியில்லாதது போல இருக்கிறது என்று சாட்சி சொன்னார். கேரிக்காக வாதாட வைத்த வக்கீலோ காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் முன்னால் இருந்தவர். எதிர்த்துக் கேட்க வேண்டியதை அவர் கேட்கவே இல்லை.

1927 மே 2. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அந்த நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவர் என்று இன்றும் கொண்டாடப்படுபவர். மூன்று தலைமுறை மந்தபுத்திக்காரர்கள் போதும் என்பது அவர் எழுதியதன் சாரம். அந்த வருஷம் அக்டோபரில் கேரிக்கு ஆபரேஷன் நடந்தது. தங்கை டோரிஸையும் விடவில்லை. குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிக் கருத்தடை செய்துவிட்டார்கள். கல்யாணமாகி, குழந்தை இல்லையே என்று வருஷக்கணக்கில் ஏங்கிய அந்தப் பெண்ணுக்கு, கிழவியான பிறகுதான் நிஜம் தெரியவந்தது.

மூணாவது தலைமுறை என்ன ஆயிற்று? குழந்தை விவியன் சார்லட்ஸ்விலில் ஸ்கூலுக்குப் போனாள். 1931ல் நல்லாப் படிக்கிற பிள்ளைகளின் கௌரவப் பட்டியலில் அவள் பேர் வந்தது. அடுத்த வருஷம் வயிற்று நோயில் இறந்துபோனாள். எட்டு வயசு.

கேரி 1983 வரைக்கும் இருந்தார். வயசான காலத்தில் அவரைச் சந்தித்தவர்கள், தினமும் பேப்பர் படிப்பார், குறுக்கெழுத்துப் போடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 8,000 பேருக்கும், அமெரிக்கா முழுக்க 60,000க்கும் மேற்பட்டவர்களுக்கும் இப்படிக் கட்டாயக் கருத்தடை நடந்தது. 1933ல் நாஜி ஜெர்மனி கொண்டுவந்த கருத்தடைச் சட்டத்துக்கு அமெரிக்கச் சட்டங்கள் முன்மாதிரியாக இருந்தன. வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2002ல். தீர்ப்பு வந்து சரியாக 75 வருஷம் கழித்து, அதே மே 2ஆம் தேதி.

காடர்ட் 1928ல் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார். மோரான் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் வரும், அவர்களை அடைத்து வைக்க வேண்டியதில்லை என்றார். நல்ல விஷயம்தான். ஆனால் கேரிக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

சரி, அப்போ புத்தி என்பதே பொய்யா, டெஸ்ட் எல்லாம் குப்பையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1904லேயே சார்லஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். ஒரு பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை பெரும்பாலும் மற்ற பாடத்திலும் நல்ல மார்க் வாங்குகிறது. அப்படியானால் எல்லாத் திறமைக்கும் அடியில் பொதுவாக ஒன்று ஓடவேண்டும் என்றார். அந்த ஒற்றுமை உண்மைதான், திரும்பத் திரும்ப சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1938ல் தர்ஸ்டன், இல்லை, ஒன்று அல்ல ஏழு தனித்தனித் திறமைகள் என்றார். 1983ல் ஹோவர்ட் கார்ட்னர் இசை, உடலசைவு, மனிதர்களைப் புரிந்துகொள்வது எல்லாம் தனித்தனி அறிவு என்றார். வாத்தியார்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அதற்கு ஆதாரம் போதாது என்று உளவியல் ஆட்களிலேயே நிறையப் பேர் சொல்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. ஐ.க்யூ. நம்பர் படிப்பில் ஒரு பிள்ளை எப்படிப் போவான் என்று ஓரளவு சரியாகவே கணிக்கிறது, பரம்பரைக்கும் அதில் பங்கு இருக்கிறது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவதும் நேர்மை ஆகாது.

ஆனால் "மாறாது" என்றாரே பெரியவர், அது நிற்காது. நியூசிலாந்தில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஃப்ளின் 1984ல் பழைய டெஸ்ட் முடிவுகளை எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தார். 1932லிருந்து 1978க்குள் அமெரிக்கர்களின் சராசரி ஏறக்குறைய 14 புள்ளி கூடியிருந்தது. டெஸ்ட் போடுகிற கம்பெனிகள் அப்பப்போ அளவுகோலைத் திருத்தி, சராசரியை மறுபடி 100க்குக் கொண்டுவந்துவிடுவதால் அது வெளியே தெரியாமல் இருந்தது. பிறகு வேறு பல நாடுகளிலும் அதே கதை என்று தெரிந்தது. 46 வருஷத்தில் ஒரு நாட்டின் ரத்தம் மாறிவிடுமா? மாறியது ஸ்கூல், சாப்பாடு, வைத்தியம், வேலை, வீட்டில் பேசுகிற பேச்சு.

நம்ம ஊரிலும் இந்த டெஸ்டுக்கு வயசாகிவிட்டது. 1930களில் வி.வி. காமத் தார்வாட் பக்கம் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக பினே டெஸ்டை மாற்றியமைத்தார். பினே-காமத் என்ற பெயரில் இந்தியாவில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அக்கா பையன் எழுதியதும் அதைத்தான். ரிப்போர்ட்டின் தலைப்பில் பினே பேரைப் பார்த்ததும், நூறு வருஷம் சுத்தி மனுஷன் எங்க அக்கா வீட்டு மேஜைக்கே வந்துட்டாரேன்னு இருந்தது.

மறுபடி அக்கா வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை முழுசாக வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தை எல்லாரும் படித்திருந்தார்கள். மூணாவது பக்கத்தை யாரும் புரட்டவே இல்லை. பையனுக்கு வாசிப்பில் மட்டும்தான் சிரமம், தினமும் இருபது நிமிஷம் சத்தமாக வாசிக்க வையுங்கள், பரீட்சையில் கூடுதல் நேரம் கேளுங்கள், கேள்வியை யாராவது படித்துக் காட்டட்டும் என்று அந்த உளவியல் மேடம் அழகாக எழுதியிருந்தார்கள். பினே இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்திருப்பார்.

அதை ஜெராக்ஸ் எடுத்து அக்கா மிஸ்கிட்ட கொடுத்தாச்சு. ராத்திரி ஃபோனில் அவன் எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. நேற்று பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. நடுவில் நிறுத்தி, "மாமா, அந்தத் தாத்தா சொன்ன மாதிரி நான் மாறவே மாட்டேனா?"ன்னு கேட்டான்.

"போன வாரம் இதே பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சு, "பதினெட்டு"ன்னான். அப்புறம் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பிச்சுட்டான்.